பணி ஓய்வை நெருங்குவோரும் தோட்ட வேலையும்

தமிழ்நாடு அரசுப் பணியாளர்களின் ஓய்வு வயது 2021 முதல் 60 ஆக உள்ளது. அந்த வயதை நெருங்குவோரிடம் ஓய்வுக்குப் பின் என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்டால், வீட்டைச் சுற்றியுள்ள இடத்திலோ மாடியிலோ தோட்டம் போடப் போவதாகப் பலர் கூறுகின்றனர். நல்ல முடிவுதான். ஆயினும், முப்பது ஆண்டுகள் நாற்காலியில் அமர்ந்து பழகிய உடல், பணி நிறைவு பெற்ற மறுநாள் காலையிலேயே மண்வெட்டி பிடிக்க ஆயத்தமாக இருப்பதில்லை. நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம், இதய நோய், மூட்டுத் தேய்மானம் ஆகியவற்றுக்கு மருந்து உட்கொண்டு வருபவர்களுக்கும் அவர்களைக் கவனித்துக்கொள்ளும் குடும்பத்தினருக்கும் இப்பக்கம் எழுதப்பட்டுள்ளது.

ஓய்வுக்கு முன்னரே தொடங்குங்கள்

பெரியவர்கள் வாரத்திற்குக் குறைந்தது 150 நிமிடங்கள் மிதமான உடலுழைப்பில் ஈடுபட வேண்டும் என்றும், வாரத்தில் இரண்டு நாள்களாவது தசைகளுக்கு வலுவூட்டும் வேலை செய்ய வேண்டும் என்றும் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. வாசல் கூட்டுதல், களை பறித்தல், செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றுதல், பாத்தி கொத்துதல் ஆகிய அனைத்தும் இக்கணக்கில் சேரும். உடற்பயிற்சிக்கூடம் தேவையில்லை.

பெரும்பாலும் தீங்கு நேர்வது தோட்ட வேலையால் அன்று. எல்லாவற்றையும் ஒரே நாளில் முடிக்க எண்ணுவதால்தான். ஓய்வு பெற்ற முதல் வாரத்தில் கொல்லைப்புறம் முழுவதையும் துப்புரவு செய்துவிட்டு, அடுத்த வாரம் இடுப்பு வலியுடனோ மூச்சுத் திணறலுடனோ புறநோயாளர் பிரிவுக்கு வருவோரை மருத்துவர்கள் அடிக்கடி காண்கின்றனர். இயன்றால் ஓய்வுக்கு ஓராண்டுக்கு முன்னரே, பணிக்குச் செல்லும் நாள்களில் காலையில் பத்து நிமிடங்கள் தண்ணீர் ஊற்றுவதிலும் சருகு கூட்டுவதிலும் தொடங்குங்கள். ஓரிரு வாரங்களுக்கு ஒருமுறை ஐந்து நிமிடங்கள் கூட்டிக்கொள்ளலாம். மண் கொத்துதல், குழி தோண்டுதல், தொட்டிகளை இடம் மாற்றுதல் ஆகியவற்றைச் சில மாதங்கள் பழகிய பிறகு வைத்துக்கொள்ளுங்கள். வேலை செய்துகொண்டே பேச முடிய வேண்டும். ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் மூச்சு வாங்கினால், அன்றைய வேகம் உங்கள் உடலுக்கு மிகுதி என்று பொருள்.

பெண்களைப் பற்றி ஒன்று கூற வேண்டும். ஆசிரியையாகவோ செவிலியராகவோ பணியாற்றி ஓய்வு பெறும் பெண்ணுக்குச் சமையலறையிலிருந்து ஓய்வு கிடைப்பதில்லை. அவ்வேலையின் மேல் தோட்ட வேலையும் வந்து சேருமானால் அது பொழுதுபோக்கு ஆகாது. வீட்டிலுள்ள மற்றவர்கள் இதைக் கணக்கில் கொள்ள வேண்டும்.

இதயம் தரும் எச்சரிக்கை

மண்வெட்டியால் வெட்டும்போதும் பளுவைத் தூக்கும்போதும் மூச்சை அடக்குவது இயல்பு. அப்போது இரத்த அழுத்தம் சட்டென்று உயர்கிறது. எனவே தூக்கும்போது மூச்சை வெளியே விடுங்கள். இதய நோய் உள்ளவர்கள், இதயக் குழாயில் ஸ்டென்ட் பொருத்தப்பட்டவர்கள், படியேறும்போது நெஞ்சில் இறுக்கம் உணர்பவர்கள் ஆகியோர் தங்கள் மருத்துவரிடம் கேட்ட பின்னரே மண் வெட்டுதல் போன்ற கடின வேலையைத் தொடங்க வேண்டும்.

வேலையின்போது நெஞ்சுவலி, இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, காரணமற்ற மூச்சுத் திணறல், குளிர்ந்த வியர்வை ஆகியவை தோன்றினால் அந்த இடத்திலேயே வேலையை நிறுத்தி அமருங்கள். நீரிழிவு நோயாளிகளுக்கு வலியே இல்லாமல், மூச்சு வாங்குதலும் களைப்பும் மட்டுமே மாரடைப்பின் அறிகுறியாக வரக்கூடும். ‘வாயுப் பிடிப்பு’ என்று சோடா குடித்துக் காத்திருக்க வேண்டாம்; 108-ஐ அழையுங்கள். தாமாகவே இருசக்கர வாகனத்தை ஓட்டிக்கொண்டு மருத்துவமனைக்குச் செல்லக் கூடாது. தமிழ்நாட்டில் ‘இதயம் காப்போம்’ திட்டத்தின்கீழ், மாரடைப்பு அறிகுறியுடன் வருவோருக்கு வழங்கத்தக்க முதல் தவணை மாத்திரைகள் ஆரம்ப சுகாதார நிலையங்களில் வைக்கப்பட்டுள்ளன.

நீரிழிவு உள்ளவர்களுக்கு

இரத்தச் சர்க்கரை 70 மில்லிகிராமுக்குக் கீழே குறையும்போது வியர்வை, நடுக்கம், படபடப்பு, பசி, குழப்பம் ஆகியவை ஏற்படும். தோட்டத்தில் இதைக் கண்டறிவது கடினம். வெயிலில் வேலை செய்பவருக்கு எப்படியும் வியர்க்கும். கை சற்று நடுங்கினால் மண்வெட்டி பிடித்ததால் என்று எண்ணத் தோன்றும். இன்சுலின் போட்டுக்கொள்பவர்களும், கிளிமிபிரைடு, கிளிபிசைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரைகளை உட்கொள்பவர்களும் குறிப்பாகக் கவனமாக இருக்க வேண்டும். மெட்ஃபார்மின் மட்டும் உட்கொள்பவர்களுக்கு இந்த ஆபத்து குறைவு.

மருந்தை உட்கொண்டுவிட்டு, ‘ஒரு பாத்தியை முடித்துவிட்டுச் சாப்பிடலாம்’ என்று காலை உணவைத் தள்ளிப்போடுவதே இந்நிலைக்கு நாங்கள் காணும் முதன்மையான காரணம். உணவை முடித்த பின்னர் வேலையைத் தொடங்குங்கள். சட்டைப் பையில் சர்க்கரைப் பொட்டலம் இருக்கட்டும். ஐயம் ஏற்பட்டால் மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்து உடனே பருகுங்கள். கால் மணி நேரத்தில் சரியாகவில்லையெனில் மறுமுறையும் பருகுங்கள். நினைவிழந்தவரின் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. பகலில் கடுமையாக உழைத்தால், அன்றிரவு உறக்கத்திலும் சர்க்கரை குறையக்கூடும். ஆகவே அன்றைய இரவு உணவைத் தவிர்க்கவோ குறைக்கவோ வேண்டாம்.

அடுத்தது பாதம். நீண்ட நாள் நீரிழிவால் பாத நரம்புகள் உணர்விழந்திருந்தால், நெருஞ்சி முள்ளோ கண்ணாடித் துண்டோ குத்தியதை நோயாளி அறிவதில்லை. மாலையில் தரையில் இரத்தக் கறையைக் கண்ட மனைவி சொன்ன பின்னரே தெரிந்துகொண்டவர்கள் உண்டு. நண்பகலில் மாடித் தளத்தில் வெறுங்காலுடன் நின்று, கொப்புளம் எழுந்த பிறகே சூட்டை அறிந்தவர்களும் உண்டு. ஆறாத பாதப் புண்தான் பல நோயாளிகளுக்கு விரலையோ காலையோ அகற்ற வேண்டிய நிலையைக் கொண்டுவருகிறது. ரப்பர் செருப்பு போதாது. முன்புறம் மூடிய காலணியைக் காலுறையுடன் அணியுங்கள். அணிவதற்கு முன் காலணியைத் தட்டி உதறுங்கள், தேள் ஒளிந்திருக்கலாம். வேலை முடிந்ததும் பாதங்களைக் கழுவி, விரலிடுக்குகளைத் துடைத்து, உள்ளங்காலைக் கண்ணாடியில் பாருங்கள் அல்லது வீட்டிலுள்ள ஒருவரைப் பார்க்கச் சொல்லுங்கள். மெல்லிய நைலான் இழையால் பாதத்தைத் தொட்டு உணர்வை அறியும் எளிய பரிசோதனை உண்டு. ஆண்டுக்கு ஒருமுறை அதைச் செய்துகொள்ளுங்கள்.

எழும்போது தலைசுற்றல்

குந்தி அமர்ந்து களை பறித்துவிட்டுச் சட்டென்று எழுந்தால் கண் இருண்டுவிடுவதாகப் பலர் கூறுவர். இரத்த அழுத்த மாத்திரைகள், சிறுநீரைப் பெருக்கும் மாத்திரைகள், புராஸ்டேட் வீக்கத்திற்குத் தரப்படும் டாம்சுலோசின் ஆகியவை இதை அதிகப்படுத்தும். வெயிலும் நீரிழப்பும் சேர்ந்தால் விழுவதற்கு வாய்ப்பு மிகுதி. முக்காலியில் அமர்ந்து வேலை செய்யுங்கள். எழும்போது கால்களை இரண்டு மூன்று முறை அசைத்து, எதையாவது பற்றிக்கொண்டு எழுந்து, சில நொடிகள் நின்ற பிறகு நடங்கள். தலைசுற்றல் தொடர்ந்தால் மாத்திரையைத் தாமாக நிறுத்தாமல், நின்ற நிலையிலும் இரத்த அழுத்தத்தை அளக்குமாறு மருத்துவரிடம் கேளுங்கள்.

கோடை மாதங்களில் காலை ஒன்பது மணிக்குள்ளும் மாலை நான்கரை மணிக்குப் பின்னும் மட்டுமே வேலை செய்யுங்கள். தாகம் எடுப்பதற்கு முன்னரே தண்ணீர் பருகுங்கள். இதயச் செயலிழப்போ சிறுநீரகக் குறைபாடோ உள்ளவர்கள் எவ்வளவு பருகலாம் என்பதை மருத்துவர் சொன்ன அளவின்படி வைத்துக்கொள்ள வேண்டும்.

முதுகு, முழங்கால், ஏணி

15 லிட்டர் குடத்தை ஒரே தடவையில் தூக்குவதற்குப் பதிலாக ஐந்து லிட்டராக மூன்று நடை நடக்கலாம். அந்த நடையும் உடலுக்கு நன்மையே. நீண்ட பிடி கொண்ட கருவிகள் குனிவதைக் குறைக்கும். மாதவிடாய் நின்ற பெண்களுக்கு எலும்பு அடர்த்தி குறைந்திருக்கக்கூடும் என்பதால், வழுக்கி விழுந்து கையை ஊன்றினாலே மணிக்கட்டு முறியலாம். பாசி படிந்த கிணற்றடியையும் மாடித் தளத்தையும் முதலில் தேய்த்துக் கழுவுங்கள்.

முருங்கை மரத்தில் ஏறாதீர்கள். அதன் கிளை எடை தாங்காமல் எந்த எச்சரிக்கையும் இன்றி முறியும். 60 வயதில் இடுப்பெலும்போ முதுகெலும்போ முறிந்தால், மீண்டும் இயல்பாக நடப்பதற்குப் பல மாதங்கள் ஆகலாம். காய் பறிக்கத் துரட்டியைப் பயன்படுத்துங்கள். ஆனால் மின்கம்பிக்கு அருகில் இரும்பு அல்லது அலுமினியக் கழியை ஒருபோதும் உயர்த்தக் கூடாது.

மண், காயம், காய்ச்சல்

மண்ணில் வாழும் கிருமியால் டெட்டனஸ் வருகிறது. குழந்தைப் பருவத் தடுப்பூசிகளை முழுமையாகப் பெறாதவர்கள் இவ்வயதினரில் பலர். மருத்துவரிடம் கேட்டு, விடுபட்டிருந்தால் தொடர் தவணைகளையும், முன்பு பெற்றிருந்தால் 10 ஆண்டுகளுக்கு ஒருமுறை ஊக்கத் தவணையையும் போட்டுக்கொள்ளுங்கள். மண் படிந்த ஆழமான காயம் ஏற்பட்டால் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு கழுவி, அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

மழைக்காலத்தில் எலிச் சிறுநீர் கலந்த தேங்கிய நீர் வழியாக எலிக்காய்ச்சல் பரவுகிறது. காய்ச்சலுடன் கெண்டைக்கால் வலியும் கண் சிவப்பும் இருக்கலாம். புதரிலும் புல்லிலும் வாழும் நுண்ணிய பூச்சிகளின் கடியால் ஸ்கிரப் டைபஸ் என்னும் உண்ணிக் காய்ச்சல் வருகிறது. கடித்த இடத்தில், பெரும்பாலும் அக்குள், தொடையிடுக்கு, இடுப்பு போன்ற மறைவிடங்களில், சிகரெட்டால் சுட்டது போன்ற கருநிறப் பொருக்கு காணப்படலாம், அது வலிப்பதில்லை. இவ்விரு நோய்களுக்கும் எளிதில் கிடைக்கும் மருந்துகள் உள்ளன. ஆனால் காலந்தாழ்ந்தால் சிறுநீரகம், நுரையீரல் போன்ற உறுப்புகள் பாதிக்கப்படும். எனவே காய்ச்சலுக்காகச் செல்லும்போது, நீங்கள் தோட்ட வேலை செய்பவர் என்பதை மருத்துவர் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். இந்த ஒரு சொல் நோயறியும் திசையையே மாற்றக்கூடும்.

தொட்டிகளின் அடித்தட்டுகளிலும் சிரட்டைகளிலும் தேங்கும் நீரை வாரம் ஒருமுறை கவிழ்த்துத் தேய்த்துக் கழுவினால் டெங்கு கொசு பெருகாது. சருகுக் குவியலிலும் விறகடுக்கிலும் கையை நுழைப்பதற்கு முன் கழியால் கிளறுங்கள். பாம்பு கடித்தால் கட்டுப் போடுவதும் கீறுவதும் வாயால் உறிஞ்சுவதும் கூடாது. கடிபட்ட உறுப்பை அசைக்காமல் வைத்து மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள். நச்சுமுறி மருந்து அரசு மருத்துவமனைகளில் கட்டணமின்றிக் கிடைக்கிறது. பூச்சிமருந்தைக் குளிர்பானப் பாட்டிலில் ஊற்றி வைக்காதீர்கள். பேரக்குழந்தைகள் வரும் வீடு என்றால் பூச்சிமருந்தே வேண்டாம் என்பது எமது கருத்து.

விளைந்ததை உண்ணும்போது

வீட்டுக் கீரை நல்லதுதான். எனினும் சிலருக்கு அளவு தேவை. செயற்கை இதய வால்வு பொருத்தப்பட்டு அசினோகூமரால் அல்லது வார்ஃபரின் உட்கொள்பவர்கள், தோட்டத்தில் கீரை தழைத்த வாரத்தில் நாள்தோறும் உண்டு, பின்னர் முற்றிலும் நிறுத்தினால், கீரையிலுள்ள வைட்டமின் கே காரணமாக இரத்தம் உறையும் அளவு மாறிவிடும். உண்ணும் அளவை ஒரே சீராக வைத்துக்கொள்ளுங்கள். நாள்பட்ட சிறுநீரக நோய் உள்ளவர்களுக்கு முருங்கைக்கீரையும் இளநீரும் பொட்டாசியத்தை ஆபத்தான அளவுக்கு உயர்த்தக்கூடும். டெல்மிசார்டன், எனலாப்ரில் போன்ற மாத்திரைகளை உட்கொள்பவர்களுக்கு அது இன்னும் எளிதில் நிகழும். வேலை முடித்த களைப்பில் சொந்த மரத்து இளநீர் தானே என்று பருகுவோருக்கு இதைக் குறிப்பாகச் சொல்ல வேண்டியுள்ளது.

குடும்பத்தினர் கவனத்திற்கு

‘இந்த வயதில் உங்களுக்கு எதற்கு இந்த வேலை’ என்று தடுக்காதீர்கள். நேற்று வரை அலுவலகம் வகுத்துத் தந்த பொழுது இன்று கையில் வெறுமையாக நிற்கும்போது, காலையில் எழுந்து செய்ய ஒரு வேலை இருப்பது பலருக்கு மனத்தளர்வைத் தணிக்கிறது. மாறாக, ஆர்வத்துடன் தொடங்கியவர் சில வாரங்களாகச் செடிப் பக்கமே போகாமல், உறக்கமும் உணவும் குறைந்து, யாரிடமும் பேசாமல் இருந்தால் அதை முதுமை என்று விட்டுவிடாமல் மருத்துவரிடம் அழைத்து வாருங்கள்.

அவர் தோட்டத்தில் இருக்கும்போது கைப்பேசி அவரிடமே இருக்கட்டும். உட்கொள்ளும் மருந்துகளின் பட்டியலை ஒரு தாளில் எழுதி, வீட்டில் அனைவரும் அறிந்த இடத்தில் ஒட்டி வையுங்கள். ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின்கீழ் இரத்த அழுத்த, நீரிழிவு மாத்திரைகளை வீட்டிலேயே பெறுபவர்கள், பணியாளர் வரும் நாளில் பாதப் புண், தலைசுற்றல், சர்க்கரைக் குறைவு ஆகியவற்றுள் எது நேர்ந்திருந்தாலும் அவரிடம் தெரிவியுங்கள்.