கோடாலியும் புலியும்

விலை கொடுத்து வாங்குபவன், தான் வாங்கும் பொருள் இன்னதென்று ஐயமின்றி அறிதல் வேண்டும். வணிக அறத்தின் முதற்படி அதுவே. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் சிங்கப்பூரில் தழைத்த இரண்டு மருந்து வணிகங்களின் வரலாறு இவ்வுண்மையை நன்கு விளக்குகின்றது.

1931ஆம் ஆண்டுக் குடிமதிப்பின்போது சிங்கப்பூரின் மக்கள்தொகை ஐந்தரை இலட்சத்தைத் தாண்டியிருந்தது. அவர்களுள் சீனரே பெரும்பான்மையினர். எனினும் ஹொக்கியன், தியோச்சியூ, கண்டனீயம், ஹக்கா, ஹைனானியம் என அவர்தம் பேச்சுமொழிகள் பலவாக இருந்தன. மலாயரும் தமிழரும் பிறரும் அவர்களுடன் கலந்து வாழ்ந்தனர். துறைமுகத்தில் மூட்டை சுமந்தோரும், ரிக்‌ஷா இழுத்தோரும், மலாயாவின் தோட்டங்களில் பால்மரம் வெட்டியோரும் பெரும்பாலும் எழுத்தறியாதவர்கள். தலைவலிக்கு வாங்கிய மருந்து மாறிப்போனால், ஒரு நாளைக் கூலி வீணாகும், வலியும் தீராது. பத்தி பத்தியாக அச்சிட்ட விளம்பரம் அத்தகையோர்க்கு எவ்வாறு பயன்படும்?

இவ்வினாவுக்கு விடை கண்டவருள் ஒருவர் லியுங் யுன் சீ. சீனத்தின் குவாங்டோங் மாநிலத்திலிருந்து வந்த அவர், 1928ஆம் ஆண்டில் சிங்கப்பூரில் தம் மருந்து நிறுவனத்தைத் தொடங்கினார். தாம் விற்ற தைலத்திற்கு அவர் தேர்ந்த குறி ஒரு கோடாலி. வீடுதோறும் காணப்படும் கருவி அது. எம்மொழியினரும் கண்டவுடன் அறியத்தக்கது. மலாயர் அதனை 'மின்யாக் சாப் காப்பாக்' என்றனர். தமிழர் 'கோடாலித் தைலம்' என்றனர். பெயர்கள் வேறுபட்டன, கடைக்காரர் எடுத்துக் கொடுத்த புட்டியோ ஒன்றே! ஹஜ்ஜுப் பயணிகளுடன் அது மக்கா நகரை அடைந்தது. சிங்கப்பூரிலிருந்து ஊர் திரும்பிய தமிழரின் பெட்டிகளில் தமிழகச் சிற்றூர்களுக்கும் சென்றது.

மற்றொருவர் ஆவ் பூன் ஹாவ். இரங்கூனில் தந்தை நடத்திய மருந்துக்கடையின் வழிவந்த களிம்பை அவரும் தம்பி ஆவ் பூன் பாரும் பெருவணிகமாக வளர்த்தனர். 'ஹாவ்' என்னும் சொல்லுக்குப் புலி என்பது பொருள். அப்புலியே களிம்பின் குறியாயிற்று. 1926இல் சிங்கப்பூருக்குக் குடிபெயர்ந்த பூன் ஹாவ், புலித்தலை பொருத்திய மோட்டார் வண்டியில் வலம் வந்தார். 1929இல் 'சின் சியூ ஜிட் போ' என்னும் சீன நாளிதழையும் தொடங்கினார். படிக்கத் தெரிந்தவர்க்கு இதழும், தெரியாதவர்க்குப் புலியும் செய்தி கூறின.

எளிய குறிக்கு ஓர் இடர்ப்பாடும் உண்டு. எளிதில் அறியப்படுவது எளிதில் போலி செய்யவும்படும். ஆதலால்தான் வணிகக்குறிகளைச் சட்டத்தால் காக்கும் முறை உலகில் வளர்ந்தது. பிரிட்டனில் 1876ஆம் ஆண்டின் முதல் நாளில் முதன்முதலாகப் பதிவுபெற்ற குறியும் ஒரு மதுவடிப்பு நிறுவனத்தின் செந்நிற முக்கோணமே. பதிவு செய்யப்பட்ட குறி வணிகனின் உரிமை மட்டுமன்று, வாங்குவோனுக்கு அவன் அளிக்கும் உறுதிமொழியும் ஆகும். நேற்று வாங்கிய புட்டியில் இருந்ததே இன்று வாங்கும் புட்டியிலும் இருத்தல் வேண்டும். அவ்வுறுதி பொய்ப்பின், தெளிவான குறியே வணிகனுக்கு எதிரான சான்றாகிவிடும். மக்கள் அதனைக் கண்டவுடன் விலகிச் செல்வர்.

எனவே எளிமை என்பது அறிவுக் குறைவுடையோர்க்கு அளிக்கும் சலுகையன்று. கேட்போரின் நிலையை முன்னரே எண்ணிப் பார்த்தவனின் உழைப்பு அது. கோடாலியையும் புலியையும் தேர்ந்தவர்கள், தமக்குத் தெரிந்தவற்றையெல்லாம் சொல்ல முற்படவில்லை. வாங்குவோர்க்கு வேண்டியதை மட்டும் சொன்னார்கள். வகுப்பறையில் நிற்கும் ஆசிரியரும், கட்டுரை எழுத அமரும் மாணவரும் இதனை உளங்கொள்வாராக. கடைசி வரிசையில் இருப்பவனுக்கும் விளங்காத சொல், எத்துணை அழகியதாயினும், விற்பனையாகாத சரக்கே!