சிறையிலிருந்து வந்த சாந்தி

1987ஆம் ஆண்டு மே மாதம் 26ஆம் திகதி வடமராட்சியில் பெரும் இராணுவ நடவடிக்கை தொடங்கியது. அப்போது உடுப்பிட்டியில் எங்கள் வீட்டிலே பதுங்கு குழி இருக்கவில்லை. அயலில் வாழ்ந்த ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவரின் வளவில், பனங்குற்றிகள் அடுக்கி அமைத்த குழிக்குள் நாங்களும் இறங்கினோம். அவர் கிறிஸ்தவர், நாங்கள் சைவர். ஷெல் விழும்போதெல்லாம் அம்மா முருகனை அழைத்தார். ரீச்சர் கைவிளக்கொளியில் வேதாகமம் வாசித்தார்.

முதல்நாள் காலை பருத்தித்துறைக்குப் போன அவருடைய மகன் திரும்பியிருக்கவில்லை. இருந்தும் அவர் குரல் தளம்பவில்லை.

“உங்களுக்குப் பயமில்லையோ ரீச்சர்?” என்று கேட்டேன்.

“பயம் இருக்குத் தம்பி. தனியச் சுமக்க ஏலாமல்தான் கர்த்தரிட்டைக் குடுக்கிறன். குடுத்தால்தான் உங்களுக்குத் தேத்தண்ணி ஊத்தேக்கை கை நடுங்காது.”

அன்று அவர் வாசித்தது பிலிப்பியருக்குப் பவுல் எழுதிய நிருபம். மனித அறிவால் அளக்க முடியாத மனச் சமாதானத்தைப் பேசும் அந்த நிருபம், சிறையிலிருந்து எழுதப்பட்டது என்பதை நான் பிற்காலத்திலேதான் அறிந்தேன்.

கிறிஸ்தவ இலக்கியத்திலே சிறைக்குத் தனியிடம் உண்டு. அனுமதியின்றிப் பிரசங்கித்தமைக்காக இங்கிலாந்தின் பெட்ஃபோர்ட் சிறையில் 1660 முதல் பன்னிரண்டு ஆண்டுகள் அடைபட்டிருந்தவர் ஜோன் பனியன். முதுகிலே சுமையோடு நடக்கும் ஒரு யாத்திரிகனின் கதையாக அவர் எழுதிய நூல் 1678இல் வெளிவந்தது. நெல்லைச் சீமையில் வைணவ குடும்பத்திற் பிறந்து, 1858இல் ஞானஸ்நானம் பெற்ற எச். ஏ. கிருஷ்ணபிள்ளை, அக்கதையைக் கம்பன் வழிநின்று ‘இரட்சணிய யாத்திரிகம்’ என்னும் காவியமாக்கினார். அது 1894இல் அச்சேறியது. அந்த யாத்திரிகனுக்கு வழியில் அவநம்பிக்கைச் சேறும் மரண நிழலின் பள்ளத்தாக்கும் விலக்கப்படவில்லை. அவற்றினூடாகவே அவன் நடக்கிறான்.

இந்த விசுவாசம் எங்கள் மண்ணுக்குப் புதியதன்று. 1816இல் தெல்லிப்பழையில் காலூன்றிய அமெரிக்க மிஷன், 1852இல் உடுப்பிட்டியில் கல்லூரியை நிறுவியது. சைவப் பிள்ளைகளும் கிறிஸ்தவப் பிள்ளைகளும் ஒரே வாங்கிலிருந்து அங்கே படித்தார்கள். பதுங்கு குழிக்குள் நாங்கள் நெருங்கியிருந்ததும் அந்தப் பழக்கத்தின் தொடர்ச்சிதான்.

விசுவாசம் குண்டைத் தடுக்குமா? தடுக்காது. 1995 ஜூலை 9ஆம் திகதி நவாலி புனித பேதுரு தேவாலயத்தில் தஞ்சமடைந்திருந்தோர் மீது விமானக் குண்டுகள் விழுந்தன. நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். இதை மறைத்துவிட்டு மன அமைதியைப் பற்றிப் பேசுவது நேர்மையாகாது. அப்படியாயின் ரீச்சர் பெற்ற சமாதானம்தான் எது?

அவருடைய மகன் திரும்பவேயில்லை. அவனுடைய அறையை அவர் எட்டு ஆண்டுகளாகப் பூட்டியே வைத்திருந்தார். 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி வலிகாமம் முழுவதுமே இடம்பெயர்ந்தது. தென்மராட்சியையும் வடமராட்சியையும் நோக்கி, மழையில் நனைந்தபடி மக்கள் வந்தார்கள். கைக்குழந்தையோடு ஒரு குடும்பம் ரீச்சரின் படலையில் வந்து நின்றது.

ரீச்சர் உள்ளே போய்த் திறப்பை எடுத்துவந்தார். பூட்டு துருவேறியிருந்தது. நான்தான் திறந்து கொடுத்தேன். மகனுடைய சாரத்தை உதறி, குழந்தைக்கு ஏணை கட்டினார்.

அவர் கை அன்றும் நடுங்கவில்லை.