நீதியரசர் வரதாச்சாரியார்

வைகாசி பிறந்தால் நம் மட்டக்களப்பு வாவிக்கரை ஊர்களிற் கண்ணகை அம்மன் கோயிற் கதவுகள் திறக்கும்; குளுத்தி நடைபெறும்; கண்ணகி வழக்குரை பாடப்பெறும். தீர விசாரியாது தண்டித்த அரசனிடம் ஒரு பெண் நியாயம் கேட்ட கதை அது. அதனைக் கேட்டு வளர்ந்த நாம், ஆட்சியாளரிடம் காரணம் கேட்ட ஒரு தமிழ்நாட்டு நீதிபதியின் வரலாற்றையும் அறிதல் தகும்.

சேர் ஸ்ரீநிவாச வரதாச்சாரியார் 1881இற் பிறந்தவர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திற் சென்னையில் வழக்கறிஞராகி, நுண்ணிய சட்ட அறிவினாற் புகழ்பெற்று, 1934இல் அந்நகர உயர் நீதிமன்ற நீதிபதியானார். 1935ஆம் ஆண்டு இந்திய அரசாங்கச் சட்டத்தின்படி, 1937 ஒக்டோபரில் டில்லியிற் சமஷ்டி நீதிமன்றம் தோன்றியது. அதன் முதல் நீதிபதிகளுள் ஒருவரான ஜயகர் விலகிய இடத்துக்கு 1939இல் வரதாச்சாரியார் சென்றார். 1946 வரை அங்கே பணியாற்றினார்.

அவருக்குச் சோதனை வந்த ஆண்டு 1943. உலக யுத்தம் ஒருபுறம். 1942இல் எழுந்த 'வெள்ளையனே வெளியேறு' இயக்கம் மறுபுறம். விசாரணையின்றிச் சிறைப்பட்டோர் பலர். அவருள் ஒருவரான கேசவ தல்பதேயின் வழக்கு அவ்வாண்டு ஏப்ரலில் தீர்ந்தது. தகுந்த காரணத்துடன் ஐயுறப்படுபவரையே தடுத்து வைக்கச் சட்டம் இடங்கொடுத்தது. 26ஆம் விதியோ அரசாங்கத்தின் திருப்தியே போதும் என்றது. ஆகவே அவ்விதி செல்லாது எனப் பிரதம நீதியரசர் மொரிஸ் குவையரும், வரதாச்சாரியாரும், சபருல்லா கானும் ஒருமுகமாய்த் தீர்த்தனர். சில நாட்களுள் அரசாங்கம் அவசரச் சட்டத்தால் அக்குறையை அடைத்துவிட்டது.

குவையர் ஓய்வுபெற, வரதாச்சாரியார் பதிற் பிரதம நீதியரசரானார். எவ்வழக்கை விசேட நீதிமன்றத்துக்கு அனுப்புவது என்பதை அதிகாரிகளின் விருப்புக்கே விட்ட 1942ஆம் ஆண்டு அவசரச் சட்டம், ஜூன் மாதத்தில் பனவாரிலால் சர்மா வழக்கில் அவர்முன் வந்தது. அவரும் சபருல்லா கானும் அச்சட்டம் செல்லாது என்றனர், றோலண்ட் மாறுபட்டார். 1944இற் பிரிவுக் கவுன்சில் அத்தீர்ப்பைக் கவிழ்த்தது.

அப்படியாயின் அவர் தோற்றாரா? அன்று. தம்மை நியமித்த அரசாங்கத்தையே, அதுவும் யுத்தகாலத்தில், 'உன் அதிகாரத்துக்கு எல்லை எங்கே?' என்று கேட்டாரே, அதுவே அவர் பெருமை. பின்னர் இந்தியாவின் முதலாவது சம்பளக் குழுவுக்குத் தலைமை தாங்கினார், 1970இல் மறைந்தார்.

இக்கதை நமக்கு அயலானதன்று. இலங்கையின் 1979ஆம் ஆண்டுப் பயங்கரவாதத் தடைச்சட்டம், அமைச்சரின் தடுப்புக் கட்டளையை நீதிமன்றத்திற் கேள்விக்குட்படுத்தலாகாது என எழுதிற்று. அதனால் நம் பகுதி இல்லங்கள் பட்ட துயரை மூத்தோர் அறிவர். இளைஞர்களே! சட்டத்தைக் கற்பீராக. காரணம் கேட்கும் துணிவு உள்ளவரையே வழக்குரை நம்மிடம் உயிரோடிருக்கும்.