தகர டப்பாவும் புழுக்கமும்

வெயில் வேற, புழுக்கம் வேற. இதைச் சென்னைக்காரங்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. டெல்லியில் மே மாசம் 42 டிகிரியில் ஏர்கூலர் போட்டா நல்லா தூங்கலாம். அதே கூலரைச் சென்னையில் போட்டா படுக்கை விரிப்பெல்லாம் நசநசன்னு ஆகும், தூக்கம் மட்டும் வராது. இந்த வித்தியாசம் சக்கரம் வச்ச ஒரு வீட்டை என்ன பாடு படுத்தியிருக்குங்கறதுதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்தருள்க :-)

அமெரிக்காவில் ட்ராவல் ட்ரெய்லர்னு ஒண்ணு உண்டு. காருக்கோ பிக்கப் வண்டிக்கோ பின்னால் கொக்கி மாட்டி இழுத்துக்கிட்டுப் போற வீடு. எட்டடி அகலம், பெருசா இருந்தா முப்பதடி நீளம். அதுக்குள்ளேயே கட்டில், அடுப்பு, பாத்ரூம் எல்லாம் அடக்கம். ப்ராஜெக்ட் விஷயமா ரெண்டு வருஷம் ஹூஸ்டனில் இருந்தப்போ, கூட வேலை பார்த்த ஒருத்தர் இப்படி ஒண்ணு வச்சிருந்தார். ஜூலை மத்தியானம் அதோட கதவைத் திறந்தா இட்லிப் பானை மூடியைத் திறந்த மாதிரி ஆவி முகத்தில் அடிக்கும். "இதுல எப்படிய்யா குடியிருக்காங்க?"ன்னு தோணிச்சு. அங்கே ஆரம்பிச்சது இந்த ஆராய்ச்சி.

கதை 1919இல் தொடங்குது. ஃப்ளோரிடாவின் டாம்பா நகரத்தில், டிசோட்டோ பூங்காவில், 'டின் கேன் டூரிஸ்ட்ஸ்'னு ஒரு சங்கம் ஆரம்பிச்சாங்க. காரையே வீடா மாத்திக்கிட்டு ஊர் சுத்துறவங்களோட சங்கம். ஊர் என்னமோ புழுக்கத்துக்குப் பேர் போன ஊர். ஆனா இவங்க வந்தது வடக்கத்திக் குளிருக்குப் பயந்து, அதாவது பனிக்காலத்தில். வெயில் ஏறினா மூட்டையைக் கட்டிட வேண்டியதுதான். ஆக, வண்டியைக் குளிர வைக்கிற முதல் தொழில்நுட்பம் எது தெரியுமா? இடத்தைக் காலி பண்றது! சக்கரம் இருக்கிறதே அதுக்குத்தானே.

இதே ஃப்ளோரிடாவில் அதுக்கும் எண்பது வருஷம் முன்னாடியே ஒரு டாக்டர் இந்தப் புழுக்கத்தோட மல்லுக்கட்டியிருக்கார். ஜான் கோரி, அப்பலாச்சிகோலா ஊர்க்காரர். காய்ச்சல்காரங்களோட அறையைக் குளுமையா வைக்கணும்னு கூரையில் ஐஸைத் தட்டில் கட்டித் தொங்க விட்டார். ஐஸ் வடக்கில் இருந்து கப்பலில் வரணும். (அதே காலத்தில்தான் பாஸ்டனில் இருந்து கப்பலேறின ஐஸ் நம்ம மெட்ராஸ் ஐஸ் ஹவுஸில் இறங்கிக்கிட்டு இருந்தது.) கப்பலை நம்பி முடியாதுன்னு ஐஸ் செய்யும் இயந்திரமே கட்டி, 1851இல் காப்புரிமையும் வாங்கிட்டார். வியாபாரமாத்தான் அது எடுபடலை. 1855இல் செத்துப் போனார். இன்னிக்கு வாஷிங்டன் நாடாளுமன்றக் கட்டடத்தில் ஃப்ளோரிடா சார்பா நிக்கிற சிலைகளில் ஒண்ணு அவரோடது.

புழுக்கத்தோட நிஜமான முடிச்சை அவிழ்த்தது 1902இல். நியூயார்க் ப்ரூக்ளினில் சாக்கெட்-வில்ஹெல்ம்ஸ்னு ஒரு அச்சகம். காத்தில் ஈரம் கூடினா காகிதம் உப்பும், குறைஞ்சா சுருங்கும். கலர் கலரா மேலுக்கு மேல் அச்சடிச்சா ஒண்ணோட ஒண்ணு பொருந்தாது. இதைச் சரி பண்ண வில்லிஸ் கேரியர்ங்கற இளம் இன்ஜினியர் குளிர்ந்த குழாய்கள் மேல் காத்தை ஓட்டி, அதில் இருக்கிற தண்ணியைப் பிழிஞ்செடுத்தார். கவனிங்க, அவர் தீர்க்கப் போன பிரச்சினை சூடு இல்லை, ஈரம். ஏசியோட பூர்வாசிரமம் இதுதான்.

நிற்க. ட்ரெய்லருக்கு வருவோம்.

1936இல் வாலி பயம்ங்கறவர் ஏர்ஸ்ட்ரீம் க்ளிப்பர்னு ஒரு வண்டியைக் கொண்டு வந்தார். அலுமினியத் தகடை ரிவெட் அடிச்சு, விமானம் மாதிரி வழவழன்னு ஒரு உருளை. விலை 1,200 டாலர். அதுக்கு ஏர் கண்டிஷனிங் வசதியும் உண்டு. எப்படிங்கறீங்க? ட்ரை ஐஸ், அதாவது உறைய வச்ச கார்பன் டை ஆக்சைடு!

இன்ஜினியரிங் படிச்ச பாவத்துக்கு ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். இப்ப ட்ரெய்லர் கூரையில் வர்ற சாதாரண ஏசி 13,500 பி.டி.யு., அதாவது கிட்டத்தட்ட 4 கிலோவாட் வெப்பத்தை வெளியே தள்ளும். ஒரு கிலோ ட்ரை ஐஸ் ஆவியாகும்போது இழுக்கிற வெப்பம் சுமார் 570 கிலோஜூல். ரெண்டையும் வகுத்துப் பார்த்தா, அதே குளிர்ச்சிக்கு மணிக்கு இருபது கிலோவுக்கு மேல் ட்ரை ஐஸ் வேணும். போதாக்குறைக்கு, ஆவியாகிற வாயு மூடின பெட்டிக்குள்ளேயே தங்கினா மூச்சு முட்டும். கலிபோர்னியாவில் உலர்ந்த ராத்திரிக்கு ஒரு சமாளிப்பு, அவ்வளவுதான்.

அடுத்தது தண்ணி கூலர். 1940, 50களில் அமெரிக்கத் தென்மேற்குப் பக்கம் கார் ஜன்னலில் குழாய் மாதிரி ஒரு டப்பா தொங்கும். உள்ளே தண்ணி, நனைஞ்ச நார். வண்டி ஓடினா காத்து அது வழியா புகுந்து ஜில்லுனு வரும். இதே சங்கதியைப் பெருசாக்கி ட்ரெய்லர் கூரையிலும் வச்சாங்க. அரிசோனாவில் 40 டிகிரி, ஈரப்பதம் 15 சதவீதம்னு வச்சுக்குங்க. தண்ணி ஆவியாகி அந்தக் காத்தை 21 டிகிரி வரைக்கும் இறக்க முடியும். ஹூஸ்டன், நியூ ஆர்லியன்ஸ் பக்கம் 33 டிகிரி, 65 சதவீதம். அங்கே தலைகீழா நின்னாலும் 27க்குக் கீழே போகாது, அதுவும் சொட்டச் சொட்ட ஈரத்தோட. ஏற்கெனவே தண்ணி குடிச்சு வயிறு நிரம்பின காத்துக்கு இன்னும் தண்ணி ஊத்தினா என்ன ஆகும்?

காருக்கு ஏசி வந்தது 1940 மாடல் பேக்கார்டில். ட்ரெய்லர் கூரைக்கு ஏசி பரவலா வந்தது 1960களில். தகரக் கூரையில் ஓட்டை போட்டு, மேலே ஒரு பெட்டியைக் கவிழ்த்துட்டாங்க. சூட்டை வெளியே தள்ளும், ஈரத்தையும் பிழிஞ்சு கூரை வழியா வடிய விடும். பிரச்சினை தீர்ந்ததுன்னுதான் எல்லாரும் நினைச்சாங்க. ஆனா அது கூடவே ரெண்டு விஷயம் வந்து ஒட்டிக்கிச்சு.

ஒண்ணு, கரண்ட். கார் பேட்டரி 12 வோல்ட், கூரை ஏசிக்கு 120 வோல்ட். ஊர் ஊரா சுத்தப் பொறந்த வண்டி, ப்ளக் பாயிண்ட் இருக்கிற இடத்தில் கட்டிப் போட்ட மாடு மாதிரி நின்னுடுச்சு.

ரெண்டாவது, மூடி வைக்கறது. ஏசி ஓடணும்னா ஜன்னலைச் சாத்தணும், சந்து பொந்தெல்லாம் அடைக்கணும். ட்ரெய்லர் சுவரோ ரெண்டு அங்குலம் கூட இருக்காது, உள்பக்கம் வினைல் ஒட்டின பலகை. புழுக்கமான ஊரில் வெளிக்காத்து சுவருக்குள்ள புகுந்து, ஏசியில் ஜில்லிட்டுக் கிடக்கிற அந்த வினைலோட முதுகில் பட்டதும் தண்ணியா மாறும். வினைல் வழியா ஈரம் வெளியேறாது. சுவருக்குள்ளேயே பூஞ்சை பிடிச்சு, பலகை ஊறி இத்துப் போகும். சரி, பெரிய ஏசியாப் போடலாமேன்னா அது இன்னும் மோசம். சட்டுனு குளிர வச்சுட்டு நின்னுடும், ஈரத்தைப் பிழிய அதுக்கு நேரமே இருக்காது. அறை ஜில்லுனு இருக்கும், ஆனா பிசுபிசுன்னு இருக்கும்.

வார இறுதிக்கு மட்டும் போறவங்களுக்கு இதெல்லாம் சின்னத் தலைவலி. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் பூட்டிட்டு வீட்டுக்கு வந்துடலாம். போக வேற வீடு இல்லைன்னா?

2005 ஆகஸ்ட் 29, கத்ரீனா புயல். அடுத்த மாசமே ரீட்டா. வீடு போனவங்களுக்காக ஃபெமாங்கற அமெரிக்கப் பேரிடர் நிர்வாக அமைப்பு லட்சத்துக்கும் மேல் ட்ராவல் ட்ரெய்லரும் தொழிற்சாலையில் செஞ்ச வீடும் வாங்கி இறக்குச்சு. மெக்ஸிகோ வளைகுடாக் கரை முழுக்க, நம்ம சென்னையை விடப் புழுக்கம் குறையாத இடத்தில், வெள்ளை வெள்ளையா பெட்டிகள். ரெண்டு வாரச் சுற்றுலாவுக்குச் செஞ்ச பெட்டிக்குள் குடும்பம் குடும்பமா ரெண்டு வருஷம், மூணு வருஷம் இருந்தாங்க.

2006இலேயே புகார் கிளம்பிடுச்சு. கண் எரிச்சல், தொண்டை எரிச்சல், மூக்கில் ரத்தம், குழந்தைகளுக்கு மூச்சுத் திணறல். காரணம் ஃபார்மால்டிஹைட். மலிவான ப்ளைவுட், பார்ட்டிகிள் போர்டு எல்லாத்தையும் ஒட்டுற யூரியா ஃபார்மால்டிஹைட் பசையில் இருந்து வர்ற வாயு. புற்றுநோய் உண்டாக்கும்னு உறுதியான பொருள்களில் ஒண்ணு. அந்தப் பசைக்குச் சூடும் ஆகாது, ஈரமும் ஆகாது. வெப்பம் ஏழு டிகிரி கூடினா வாயு வர்ற வேகம் சுமாரா ரெண்டு மடங்காகும். ஈரம் கூடினா பசையே சிதைய ஆரம்பிக்கும். ஆக, புழுக்கம்ங்கறது இங்கே வெறும் அசௌகரியம் இல்லை. விஷத்தை வெளியே இழுத்து விடுற சாவியே அதுதான்.

இப்போ என் மனசை ரொம்பக் குடைஞ்ச பரிசோதனைக்கு வர்றேன். 2006 செப்டம்பர், அக்டோபரில், பேட்டன் ரூஜ் நகரத்தில், யாரும் குடியேறாத 96 ட்ரெய்லர்களில் அளந்து பார்த்தாங்க. அளவு நூறு கோடிப் பங்கில் எத்தனை பங்குன்னு. எல்லாத்தையும் சாத்தி வச்சப்போ சராசரி 1,040. ஏசியை ஓட விட்டு, பாத்ரூம் துவாரத்தைத் திறந்து வச்சா 390. ஜன்னல் எல்லாத்தையும் திறந்து, விசிறியையும் ஓட விட்டா 90. சாதாரண வீட்டில் 10 முதல் 20 தான் இருக்கும்.

இந்த மூணு எண்ணையும் சேர்த்துப் படிங்க. குளுமையா இருக்கணும்னா சாத்தணும், சாத்தினா விஷம். விஷம் போகணும்னா திறக்கணும், திறந்தா லூயிசியானாவோட ஜூலை மாசம் மொத்தமும் உள்ளே வந்துடும், கூடவே பூஞ்சையும். கைக்குழந்தையை வச்சுக்கிட்டு ராத்திரி ரெண்டு மணிக்கு ஒரு அம்மா இதில் எதைத் தேர்ந்தெடுக்கிறது? "காத்தோட்டமா வச்சுக்குங்க"ன்னு துண்டுப் பிரசுரம் கொடுத்தாங்க. திறந்து வச்சா காத்து வரும், சரி, எந்தக் காத்து?

நோய்க்கட்டுப்பாட்டு மையமான சி.டி.சி., ஆட்கள் குடியிருந்த 519 வண்டி, வீடுகளில் சோதனை பண்ணது 2007 டிசம்பர் கடைசியிலும் 2008 ஜனவரியிலும். சராசரி 77, உச்சம் 590. குளிர்காலத்துக் கணக்கு இது. கோடையில் இதை விடக் கூடவே இருந்திருக்கும்னு அவங்களே சொன்னாங்க. முதல் புகார் வந்து அதுக்குள்ள ரெண்டு கோடை கழிஞ்சு போயிருந்தது.

இதைத் தடுக்கச் சட்டம் இல்லையான்னு கேட்பீங்க. இருந்தது! தொழிற்சாலையில் செஞ்ச வீடுகளில் போடற பலகைக்கு 1980களின் நடுவிலேயே ஃபார்மால்டிஹைட் உச்சவரம்பு வச்சுட்டாங்க. ஆனா ட்ராவல் ட்ரெய்லர் சட்டப்படி வீடு இல்லை, வண்டி. அந்த விதி அதைத் தொடாது. சுவர் அதே சுவர், பலகை அதே பலகை, படுக்கிறதும் மனுஷங்கதான். அடியில் சக்கரம் இருந்ததால் விதியில் இருந்து தப்பிச்சுடுச்சு.

பிறகு நடந்தது: 2010இல் அந்த ட்ரெய்லர்களை, 'குடியிருக்க அல்ல'ன்னு ஸ்டிக்கர் ஒட்டி ஏலம் விட்டாங்க. அதே வருஷம் வளைகுடாவில் எண்ணெய்க் கசிவைச் சுத்தம் பண்ண வந்த தொழிலாளர்களில் சிலர் அதே ட்ரெய்லர்களில் தங்கியிருந்ததைப் பத்திரிகைகள் கண்டுபிடிச்சு எழுதின. 2012இல் தயாரிப்பாளர்களும் ஒப்பந்ததாரர்களும் 4 கோடியே 26 லட்சம் டாலருக்குச் சமரசம் பண்ணிக்கிட்டாங்க. பாதிக்கப்பட்டவங்க சுமார் 55,000 பேர். தலைக்கு 775 டாலர் சொச்சம், அதுவும் வக்கீல் செலவைக் கழிக்கிறதுக்கு முன்னாடி.

ஒரே ஒரு ஆறுதல். 2010இல் மரப்பலகை ஃபார்மால்டிஹைட் சட்டம் வந்தது. அதில் புது வாகனங்களுக்குள்ள போடற பலகைக்கு விலக்கு உண்டு. ஆனா அந்த விலக்கு குடியிருக்கிற மாதிரி செய்யற வண்டிகளுக்குப் பொருந்தாதுன்னு குறிப்பாவே எழுதி வச்சிருக்காங்க. அந்த நாலஞ்சு வார்த்தைக்குப் பின்னால் எத்தனை பேரோட இருமல் இருக்குன்னு சட்டப் புத்தகம் சொல்லாது.

இன்னிக்கு அந்தப் பக்கம் ட்ரெய்லர் வச்சிருக்கிறவங்க செய்யறதெல்லாம் ரொம்ப சாதாரண விஷயம். மர நிழலில் நிறுத்தறது, கூரைக்கு வெள்ளை அடிக்கிறது, ஏசியை அளவாப் போட்டு ஈரத்தை இழுக்கத் தனி இயந்திரம் வைக்கிறது, சமைக்கிறப்பவும் குளிக்கிறப்பவும் எக்ஸாஸ்ட் ஃபேனை ஓட விடறது. சூட்டைக் குறைக்கணும்ங்கற அதே அளவு அக்கறை, ஈரத்தை எங்கே அனுப்புறது, உள்காத்தை எப்படி மாத்துறதுன்னும் இருக்கணும்.

புயலோ வெள்ளமோ வந்து தகரக் கொட்டகையும் கன்டெய்னர் வீடும் இறங்குற ஊர் எதுவா இருந்தாலும், "உள்ளே ஏசி இருக்கு"ன்னு அதிகாரி சொன்னா விட்டுடாதீங்க. சுவர்ப் பலகை எதால் ஒட்டினது, ஜன்னலைச் சாத்தினா உள்ளே என்ன மிஞ்சும்னு ரெண்டு கேள்வி கேளுங்க.