பழையனூர் நீலியும் பழிச்சுமையும்

கிள்ளானை அடுத்த கேரித் தீவில் வாழும் மாமெரி மக்கள், ஆண்டுதோறும் முகமூடி அணிந்து ஆடித் தம் முன்னோர் ஆவிகளைப் போற்றுகின்றனர். ஆங்கு ஆவி வருவது அருள்தற்பொருட்டு. துன்பியல் நாடகங்களிலோ அது வருவது பழி கேட்டற்கே. கி.மு. 458-இல் ஏதென்சு நகரில் அரங்கேறிய ஈசுக்கிலசின் நாடகமொன்றில், மகன் கையால் மாண்ட தாயின் ஆவி, உறங்கும் பழித் தெய்வங்களைத் தட்டியெழுப்புகிறது. சேக்சுபியரின் 'ஆம்லெத்'தில் தந்தையின் ஆவி தான் கொலையுண்ட மறையை மகனுக்கு உரைத்து, பழிச்சுமையை அவன் தோளில் ஏற்றிவிட்டு மறைகிறது. பம்மல் சம்பந்த முதலியார் 'அமலாதித்யன்' எனத் தமிழ் மேடைக்குத் தந்தது இந்நாடகமே.

தமிழ் மரபில் இதற்கு இணை தேடுவோர் திருவாலங்காட்டை அடுத்த பழையனூருக்கே செல்லுதல் வேண்டும். கணவனால் கொலையுண்ட பெண்ணொருத்தி பேயாகி, மறுபிறப்பில் வணிகனாய் வந்த அவனைத் தொடர்ந்தாள். கள்ளிக் கிளையைக் குழந்தையாக்கி ஏந்தி, ஊரார் முன் அழுது, அவனைத் தன் கணவன் என்றாள். 'நீலிக் கண்ணீர்' என்னும் வழக்கு இன்றும் நம் நாவில் உள்ளது. வணிகன் அஞ்சி மறுத்தான். வேளாளர் எழுபதின்மர் அவன் உயிருக்குத் தம் உயிரைப் பிணையாக்கி, அவனுக்குக் காவலாயிருந்த வாளையும் வாங்கிவைத்தனர். இரவில் அவன் மாண்டான், எழுபதின்மரும் தீப்புகுந்தனர். கதை பலவாறு வழங்கினும் இந்நடுப்பகுதி மாறுவதில்லை.

ஆம்லெத் ஆவியின் சொல்லை ஐயுற்றான். நாடகம் நடத்திச் சோதித்தான். பழையனூரார் பேயின் சொல்லைச் சோதித்தாரல்லர். ஆங்கே ஆவி உரைத்தது மெய். ஈங்கே உரைத்தது பொய். ஆயினும் நீலியின் வஞ்சினத்துக்கு அடிப்படையான கொலை மெய்யே என்பதை மறத்தலாகாது. பழி அவளுடையது, அதன் விலையைக் கொடுத்தவரோ அயலார்.

ஏழாம் நூற்றாண்டில் சம்பந்தர் தம் ஆலங்காட்டுப் பதிகத்தில் இந்நிகழ்ச்சியைச் சுட்டினார். பன்னிரண்டாம் நூற்றாண்டிற் சேக்கிழார், திருக்குறிப்புத் தொண்டர் வரலாற்றில் சொல் காத்தோரைப் புகழ்ந்தார். சமணப் புலவரோ நீலியையே எடுத்துக்கொண்டார். 1936-இல் அ. சக்கரவர்த்தி பதிப்பித்த 'நீலகேசி'யில் அப்பேய், முனிச்சந்திர முனிவரை அச்சுறுத்த வந்து, அவரிடம் கொல்லாமை கேட்டுச் சமயவாதியாகிறது. அவள் வாதில் வென்றவருள் ஒருத்தி குண்டலகேசி. தன்னைக் கொல்ல முயன்ற கணவனை மலையினின்று தள்ளிக் கொன்று, பின் பௌத்தத் துறவியானவள்.