தகுதிக்கு ஆண் பெண் பேதமில்லை

விளையாட்டு நடுவர்களைத் தேர்ந்தெடுக்கும்போது தகுதியைப் பார்ப்பதா, ஆண் பெண் சமத்துவத்தைப் பார்ப்பதா? இப்படிக் கேட்கும்போதே, ஒன்றை விட்டுக்கொடுத்தால்தான் மற்றொன்று கிடைக்கும் என்ற எண்ணம் புகுந்துவிடுகிறது. கடந்த அரை நூற்றாண்டு வரலாற்றைப் பார்த்தால், தகுதி என்ற பெயரில் வைக்கப்பட்ட சில விதிகள் தகுதியை அளக்கவே இல்லை என்பது தெரியவரும்.

அமெரிக்காவின் பெர்னிஸ் கெரா 1967ஆம் ஆண்டில் பேஸ்பால் நடுவர் பள்ளியில் பயிற்சி முடித்தார். தொழில்முறைப் போட்டிகளில் வேலை கேட்டபோது அவருக்குக் கதவு திறக்கவில்லை. நடுவர் 5 அடி 10 அங்குல உயரமும் 170 பவுண்டு எடையும் இருக்க வேண்டும் என்று விதியைக் காட்டினார்கள். பந்து எங்கே போனது, ஓடியவர் தப்பினாரா என்று தீர்ப்புச் சொல்லக் கூர்ந்த கண்ணும் விதிகளில் தெளிவும் வேண்டும். அதற்கு உயரம் எதற்கு? கெரா வழக்குத் தொடுத்தார். 1972 ஜனவரியில் நியூயார்க் மாநிலத்தின் மிக உயர்ந்த நீதிமன்றம் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது.

அதே ஆண்டு ஜூன் 24ஆம் தேதி, அம்மாநிலத்தின் ஜெனீவா நகரில் அவர் களமிறங்கினார். தாம் சொன்ன ஒரு முடிவைத் தாமே மாற்றியபோது, ஒரு குழுவின் மேலாளர் அவரைச் சமையலறைக்குப் போகச் சொல்லி ஏளனம் செய்தார். சக நடுவர்களும் ஒத்துழைக்கவில்லை. அந்த ஒரே ஆட்டத்தோடு கெரா விலகிவிட்டார். சட்டம் கதவைத் திறந்தும், உள்ளே இருந்தவர்களின் மனம் திறக்கவில்லை.

அதன் பிறகு வெகுகாலம் சென்றது. ஜென் பாவல் 2016ஆம் ஆண்டில் கீழ்நிலை லீக்கில் தொடங்கி, மற்ற நடுவர்களைப் போலவே படிப்படியாக ஏறி வந்தார். 2025 ஆகஸ்ட் 9ஆம் தேதி அட்லாண்டாவில், மேஜர் லீக் பேஸ்பால் ஆட்டத்துக்கு நடுவராக நின்ற முதல் பெண் என்ற பெருமையைப் பெற்றார். கெராவின் ஆட்டத்துக்குப் பின் 53 ஆண்டுகள்!

காற்பந்திலும் இதே நிலைதான். 1930இல் தொடங்கிய ஆண்கள் உலகக் கிண்ணப் போட்டியில் ஒரு பெண் தலைமை நடுவராவதற்கு 2022 டிசம்பர் 1 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. கத்தாரில் ஜெர்மனி, கோஸ்டா ரிக்கா ஆட்டத்தை பிரான்ஸின் ஸ்தெஃபானி ஃபிராப்பார் நடத்தினார். பிரேசிலையும் மெக்சிகோவையும் சேர்ந்த இரு பெண்கள் துணை நடுவர்களாக நின்றார்கள். இது சலுகையில் கிடைத்த இடமன்று. ஆண்கள் ஆட்டத்துக்கு வரும் பெண் நடுவர், ஆண்களுக்கான அதே ஓட்டச் சோதனையில் தேற வேண்டும் என்பது குறிப்பிடத்தக்கது.

சென்னையைச் சேர்ந்த ஜனனி நாராயணனின் அனுபவமும் இதையே காட்டுகிறது. கிரிக்கெட் நடுவராகப் பெண்களையும் அனுமதிக்கும்படி அவர் தமிழ்நாடு கிரிக்கெட் சங்கத்தை மீண்டும் மீண்டும் கேட்டார். 2015இல் விதி மாறியது. 2018இல் இந்தியக் கிரிக்கெட் வாரியத்தின் தேர்வில் வென்றார். 2023 ஜனவரியில் ரஞ்சிக் கிண்ண ஆட்டங்களில் முதன்முறையாக நடுவர் பொறுப்பேற்ற மூன்று பெண்களில் அவரும் ஒருவர்.

தேர்வு எழுதவே விடாமல், "தகுதியானவர் வரவில்லை" என்று சொல்வது நியாயமாகாது. எல்லோருக்கும் ஒரே தேர்வு, ஒரே அளவுகோல், ஏறிவர ஒரே படிக்கட்டு. சமத்துவம் கேட்பது இவ்வளவுதான். தகுதி கேட்பதும் இதைத்தானே?