ஐந்து டாலர் அபராதத்திலிருந்து உறுப்பு மாற்றுப் பட்டியல் வரை

"தடுப்பூசி போட்டுக்கலைன்னா உறுப்பு மாற்று கிடையாதுன்னு சொல்றது கட்டாயப்படுத்துறதுதானே டாக்டர்? என் உடம்பு, என் உரிமை இல்லையா?"

கோவிட் காலத்துல ஆரம்பிச்ச கேள்வி, இன்னும் ஓயல. ஒரு வரியில பதில் சொல்லிடலாம், ஆனா அது நியாயமான பதிலா இருக்காது. இதுக்குப் பின்னால 150 வருஷத்துக்கும் மேலான சண்டை இருக்கு. கொஞ்சம் நீளமான த்ரெட். பொறுமையா படிங்க.

முதல்ல இங்கிலாந்து. 1853-ல் பிறந்த குழந்தைகளுக்கு அம்மை குத்துவது சட்டப்படி கட்டாயம் ஆச்சு. மூன்று மாதத்துக்குள்ள குத்தலைன்னா பெற்றோருக்கு அபராதம். 1867-ல் இன்னொரு சட்டம். ஒரு தடவை அபராதம் கட்டிட்டா தப்பிச்சோம்னு இல்ல, மறுபடி மறுபடி போடலாம். பணக்காரன் கட்டிட்டுப் போயிடுவான். கூலித் தொழிலாளி வீட்டுல மேஜை, நாற்காலியை ஜப்தி பண்ணி ஏலம் விட்டாங்க. அதுவும் இல்லாதவங்க ஜெயிலுக்குப் போனாங்க.

எதிர்த்தவங்களை எல்லாம் முட்டாள்னு ஒதுக்கிட முடியாது. அன்னைக்கு அம்மை குத்துற முறை இன்னைக்கு மாதிரி கிடையாது. ஒரு குழந்தையின் கையைக் கீறிக் குத்துவாங்க. ஒரு வாரம் கழிச்சு அந்தக் கொப்புளத்துல இருக்குற நீரை எடுத்து அடுத்த குழந்தைக்குக் குத்துவாங்க. கையிலிருந்து கைக்கு. இதுல சிபிலிஸ் பரவிய சம்பவங்கள் நிஜமாவே நடந்திருக்கு. "என் புள்ளைக்கு வேணாம்"னு ஒரு தாய் சொன்னா, அந்தப் பயத்துக்கு ஒரு அடிப்படை இருந்துச்சு. இன்னொரு பக்கம், பெரியம்மை சும்மா வந்துட்டுப் போற நோயும் இல்ல. தடுப்பு இல்லாதவங்களுக்கு வந்தா சுமார் பத்துல மூணு பேரைக் கொன்னுச்சு. பிழைச்ச பல பேருக்குத் தழும்பு, சில பேருக்குக் கண் போச்சு.

1885 மார்ச்சில் லெஸ்டர் நகரத்துல நடந்த எதிர்ப்பு ஊர்வலத்துல 80,000-லிருந்து ஒரு லட்சம் பேர் வரை கலந்துகிட்டதா கணக்கு. அரசாங்கம் ராயல் கமிஷன் அமைச்சது. அவங்க ஏழு வருஷம் விசாரிச்சாங்க. 1898-ல் சட்டம் மாறிச்சு: கையிலிருந்து கைக்குக் குத்துற முறைக்குத் தடை, கூடவே "மனசாட்சிப்படி மறுக்கிறேன்"னு சொல்ற பெற்றோருக்கு விலக்கு. அதாவது எதிர்ப்பால தடுப்பூசியும் பாதுகாப்பாச்சு, சட்டமும் நெகிழ்ந்துச்சு. இதை நம்ம மருத்துவர்கள் சொல்ல மறந்துடுறோம்.

இப்போ அமெரிக்கா. 1901-லிருந்து 1903 வரை பாஸ்டன்ல பெரியம்மை: 1,596 பேருக்கு நோய், 270 மரணம். ஆத்துக்கு அந்தப் பக்கம் கேம்பிரிட்ஜ் நகர சுகாதார வாரியம் எல்லாரும் குத்திக்கணும்னு உத்தரவு போட்டது. ஹென்னிங் ஜேக்கப்சன்னு ஸ்வீடன்ல பிறந்த ஒரு பாதிரியார் மறுத்தார். சின்ன வயசுல குத்தினப்போ தனக்கு ரொம்ப முடியாமப் போச்சுங்கிறது அவர் சொன்ன காரணம். அபராதம் ஐந்து டாலர். அதைக் கட்டாம உச்ச நீதிமன்றம் வரைக்கும் போனார்.

1905-ல் 7-க்கு 2 என்ற கணக்கில் தோற்றார். நீதிபதி ஹார்லன் எழுதிய தீர்ப்போட சாரம் இதுதான்: சமூகத்துல வாழ்றவனுக்கு எல்லையில்லாத சுதந்திரம் கிடையாது, கொள்ளை நோயிலிருந்து தன்னைக் காத்துக்க சமூகத்துக்கு உரிமை இருக்கு. ஆனா ரெண்டு விஷயத்தைக் கவனிங்க. அந்தச் சட்டத்துல தண்டனை அபராதம் மட்டும்தான், ஆளைப் பிடிச்சு வச்சுக் குத்தல. இன்னொண்ணு, உடல்நிலை காரணமா யாருக்கு ஊசி ஆபத்தோ, அவங்களுக்கு இது பொருந்தாதுன்னும் தீர்ப்புலயே சொன்னாங்க.

இதுவரை சரி. 22 வருஷம் கழிச்சு இதே தீர்ப்பை எடுத்து என்ன பண்ணாங்க தெரியுமா? 1927-ல் பக் எதிர் பெல் வழக்கு. வர்ஜீனியாவுல "மனவளர்ச்சி குறைந்தவர்"னு முத்திரை குத்தப்பட்ட கேரி பக் என்ற இளம்பெண்ணுக்குக் கட்டாயக் கருத்தடை செய்யலாமான்னு கேள்வி. செய்யலாம்னு 8-க்கு 1. தீர்ப்பு எழுதிய ஹோம்ஸ் ஆதாரமா காட்டினது ஜேக்கப்சன் வழக்கை. கட்டாயத் தடுப்பூசியைத் தாங்குற அதே கொள்கை, கருக்குழாயை வெட்டுறதையும் தாங்கும்னு எழுதினார். அமெரிக்கா முழுக்க 60,000-க்கும் மேற்பட்டவங்களுக்கு இப்படிக் கருத்தடை நடந்துச்சு.

ஐந்து டாலர் அபராதம் எங்க போய் நிக்குது பாருங்க. நமக்கும் இது தூரத்துக் கதை இல்ல, எமர்ஜென்சி காலத்துக் குடும்பக்கட்டுப்பாடு முகாம்களை வீட்டுப் பெரியவங்ககிட்ட கேளுங்க. "உடம்பு என்னோடது"ங்கிற குரலை நான் கேலி பண்ண மாட்டேன்னு சொல்றதுக்குக் காரணம் இந்த வரலாறுதான்.

சரி, உறுப்பு மாற்றுக்கு வருவோம். இங்க கணக்கே வேற.

1960-ல் சியாட்டிலில் பெல்டிங் ஸ்க்ரிப்னர் என்ற மருத்துவர், டெஃப்லான் குழாயால கையில ஒரு ஷண்ட் வச்சு, நாள்பட்ட கிட்னி நோயாளிகளுக்குத் திரும்பத் திரும்ப டயாலிசிஸ் பண்ண முடியும்னு காட்டினார். அதுவரைக்கும் கிட்னி போனா ஆள் போயாச்சு. இப்போ வழி இருக்கு, ஆனா மெஷின் கையளவு. 1962-ல் அங்க மையம் திறந்தப்போ யாருக்கு இடம்னு முடிவு பண்ண ஏழு பேர் கொண்ட குழு: வக்கீல், பாதிரியார், வங்கிக்காரர், இல்லத்தரசி, அரசு அதிகாரி, தொழிற்சங்கத் தலைவர், ஒரு சர்ஜன். பெயர்கள் ரகசியம்.

மருத்துவர்கள் முதல் வடிகட்டல் பண்ணி அனுப்புவாங்க. அதுக்கப்புறம் இவங்க பார்த்தது என்ன? கல்யாணம் ஆனவரா, எத்தனை குழந்தைகள், வருமானம், படிப்பு, தேவாலயத்துக்குப் போறவரா. 1962 நவம்பரில் லைஃப் பத்திரிகையில ஷானா அலெக்சாண்டர் இதை எழுதினதும் நாடே கொதிச்சது. தனியா வாழ்றவன், ஊர் ஊரா சுத்துறவன், சாமி கும்பிடாதவன் எல்லாம் சாகட்டும்னு அர்த்தமா? மருத்துவ அறநெறி தனித் துறையா வளர்ந்ததுக்கு இந்தக் குழு ஒரு முக்கியக் காரணம். 1972-ல் டயாலிசிஸ் செலவை அமெரிக்க அரசு ஏத்துக்கிட்ட பிறகு அந்தத் தேர்வே தேவையில்லாமப் போச்சு. மெஷினை இன்னும் செய்யலாம் இல்லையா.

மூளைச்சாவு அடைந்தவரோட இதயத்தை அப்படிச் செய்ய முடியாது. ஒண்ணு உங்களுக்குன்னா, பட்டியல்ல அடுத்து இருக்குறவருக்கு இல்ல. அதனாலதான் உறுப்பு மாற்றுல எப்பவும் நிபந்தனைகள் உண்டு. நுரையீரல் வேணும்னா சிகரெட்டை விட்டிருக்கணும். தட்டம்மை, சின்னம்மை மாதிரி உயிருள்ள கிருமித் தடுப்பூசிகளை முன்னாடியே முடிச்சிருக்கணும். ஏன்னா உறுப்பு வச்ச பிறகு, உடம்பு அதை நிராகரிக்காம இருக்க, எதிர்ப்பு சக்தியை மருந்தால அடக்கி வைக்கிறோம். அந்த நிலைமையில உயிருள்ள தடுப்பூசி போடுறதே ஆபத்து. மத்த ஊசிகள் போட்டாலும் சரியா வேலை செய்யாது. கோவிட் ஊசி ரெண்டு டோஸ் போட்ட பிறகும் உறுப்பு மாற்று செய்தவங்கள்ல ஏறக்குறைய பாதிப் பேருக்குத்தான் ஆன்டிபாடி உருவாச்சு. முதல் அலையில அவங்க கோவிட் வந்து மருத்துவமனையில சேர்ந்தப்போ, ஏறக்குறைய ஐந்துல ஒருத்தர் இறந்தாங்க.

இந்தப் பின்னணியிலதான் 2022 ஜனவரியில் பாஸ்டன்ல, ஊசி போட மறுத்த ஒரு இளைஞருக்கு இதய மாற்றுப் பட்டியல்ல இடம் இல்லைன்னு சொன்னாங்க. கனடாவின் ஆல்பர்ட்டாவுல ஒரு பெண்மணி வழக்கே போட்டார். மத்த தடுப்பூசிகளை மறுபடி போட்டுக்கச் சம்மதிச்சவர் அவர், கோவிட் ஊசி மட்டும் மனசாட்சிக்கு ஒத்துவரலைன்னார். இது மருத்துவர்களோட சிகிச்சை முடிவு, அரசியல் சாசன உரிமைப் பட்டயம் இதுக்குப் பொருந்தாதுன்னு 2022-ல் ரெண்டு நீதிமன்றங்களும் சொல்லிடுச்சு. 2023 ஜூனில் கனடா உச்ச நீதிமன்றம் வழக்கை எடுத்துக்கவே மறுத்தது. ஆகஸ்டில் அவர் இறந்துட்டார்.

அவரோட முடிவு தப்புன்னுதான் ஒரு மருத்துவரா நினைக்கிறேன். ஆனா அந்தச் செய்திக்குக் கீழே சிலர் சிரிச்சு எமோஜி போட்டிருந்தாங்க. அதைப் பார்த்தப்போ சியாட்டில் குழுதான் ஞாபகம் வந்துச்சு.

ஊசி போட்டா இந்த உறுப்பும் இந்த ஆளும் அதிக நாள் இருப்பாங்களாங்கிறது மருத்துவக் கேள்வி. "ஊசி போடாதவனுக்கு எதுக்குக் கொடுக்கணும்"ங்கிறது தண்டனை. ரெண்டும் வெளியில பார்க்க ஒரே மாதிரி இருக்கும். மருத்துவர்களும் இதுல சறுக்கியிருக்கோம். குடியால ஈரல் கெட்டவங்க ஆறு மாசம் குடிக்காம இருந்தாத்தான் மாற்று ஈரல்னு ரொம்ப காலம் விதி. மருத்துவ விதி மாதிரிதான் தோணும். 2011-ல் பிரெஞ்சு மருத்துவர்கள் தேர்ந்தெடுத்த சில கடுமையான நோயாளிகளுக்கு அந்த ஆறு மாசம் காத்திருக்காமலே ஈரல் மாத்தினாங்க. ஆறு மாசம் கழிச்சு 77 சதவீதம் பேர் உயிரோட இருந்தாங்க, மாற்று செய்யாதவங்கள்ல 23 சதவீதம்தான். பெரும்பாலானவங்க திரும்பக் குடிக்கவும் இல்ல. அதுக்கப்புறம்தான் பல மையங்கள் அந்த விதியைத் தளர்த்துச்சு. அதுவரைக்கும் காத்திருந்து செத்தவங்க?

நம்ம நாட்டுலயும் 2022 மே 2-ஆம் தேதி ஜேக்கப் புலியேல் வழக்குல உச்ச நீதிமன்றம் சொன்னது இதுக்கு உதவும். யாரையும் தடுப்பூசி போடக் கட்டாயப்படுத்த முடியாது, உடல் மீதான உரிமை 21-ஆவது பிரிவுக்குள்ள வருது. அதே சமயம் பொது சுகாதாரத்துக்காக நியாயமான கட்டுப்பாடு போட அரசுக்கு அதிகாரம் உண்டு, ஆனா அது நிலைமைக்கு அளவா இருக்கணும். அப்போ தொற்று குறைஞ்சிருந்ததால, ஊசி போடாதவங்க மேல இருந்த தடைகளை மறுபரிசீலனை பண்ணச் சொன்னாங்க. பக்கவிளைவு விவரங்களை மக்கள் பார்க்குற மாதிரி வெளியிடவும் சொன்னாங்க.

அதனால என் பதில்: உறுப்பு மாற்றுக்கு முன்னாடி தடுப்பூசி கேக்குறது நியாயம். ஆனா ஒவ்வொரு ஊசிக்கும் தனித்தனியா ஆதாரம் வேணும், ஆதாரம் மாறினா விதியும் மாறணும், மறுக்குறவங்ககிட்ட உட்கார்ந்து பேச ஆள் வேணும். 2020-ல் இருந்த கோவிட் வேற, இன்னைக்கு இருக்குறது வேற. அன்னைக்குப் போட்ட விதியை இன்னைக்கும் கண்ணை மூடிட்டு வச்சிருக்கிற மையம் இருந்தா, அதுகிட்ட காரணம் கேக்கலாம்.

உங்க வீட்டுல யாராவது கிட்னி மாற்றுக்குப் பதிவு பண்ணியிருந்தா, ஹெபடைடிஸ் பி, நிமோனியா, ஃப்ளூ தடுப்பூசி பத்தி இப்பவே மருத்துவர்கிட்ட கேளுங்க. ஹெபடைடிஸ் பி ஊசி முழுசா முடிய சில மாசம் ஆகும்.